கரைத்த இடத்துத் தண்ணீர்

கடல்மீன் வளர்க்கிற வீட்டில் நாற்றம் புதிதல்ல. நாற்றம் நின்றுபோனதுதான் சிவநேசனை முதலில் உறுத்தியது.

தொட்டிக்குப் பின்னால் ஸ்கிம்மர் என்று ஒரு குழாய் நாள் முழுக்கக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். தண்ணீரில் கரைந்த மீன் கழிவையும் தின்னாமல் மிஞ்சிய தீனியையும் நுரையாகத் திரட்டி, மேலே இருக்கும் கோப்பையில் கொண்டுபோய்த் தள்ளுவது அதன் வேலை. கடுங்காப்பி நிறத்தில் தேங்கி, ஆற்றோரச் சேற்றைக் கிளறினாற்போல் குடலைப் புரட்டும் அந்தக் கோப்பையைக் கழுவுவது அவனுக்குப் பல் விளக்குகிற மாதிரிப் பழகிப்போன காரியம். அன்றும் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கோப்பையைத் திருகி எடுத்தான். மூக்கைச் சுளிக்கத் தயாராக இருந்தான். சுளிக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவைவிட மெல்லியதாக இருந்தது. வாசனையும் வேறு. காய்ச்சி மறந்துபோன பால், அதில் வாடிய செவ்வந்தி.

வெளியே புகைமூட்டம். சுமத்ராவில் எங்கோ காடு எரிந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணைக் கசக்கும். சன்னல் இடுக்கு வழியாகச் சாம்பல் உள்ளே வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு கோப்பையைக் கழுவி மாட்டினான். சமாதானம் சொல்லிக்கொள்வதற்கு மனிதனுக்குக் காரணமா கிடைக்காது?

கிள்ளானில் தாமான் என்கிற குடியிருப்பு ஒன்று, அதில் வரிசை வீடு. வரவேற்பறையின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது அந்தத் தொட்டி. நீலவிளக்கு, வெள்ளைப் பவழ மணல், பாறை, பாறைமேல் பூப்போல் விரிந்து ஆடும் பவழங்கள். இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு மீன். செக்கச்சிவந்த உடம்பில் முதுகோரம் கறுப்புக் கரை கட்டிய வெள்ளைத் திட்டுகள். சுபாங் ஜெயாவில் ஒரு கடையில் அதைப் பார்த்த மாத்திரத்தில் சிவநேசனின் மனைவி உஷாராணி, "இவதான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். ராசாத்தி என்று பெயரும் வைத்தாள். விளக்கணைந்தால் ராசாத்தி மணலுக்குள் புதைந்து தூங்கும். காலையில் மணலை உதறிக்கொண்டு எழும். அந்த இனத்துக்கு அது இயல்பு. "நம்ம வீட்டுலயே இவளுக்குத்தான் நல்ல போர்வை" என்பாள் உஷா.

உஷா இப்போது இல்லை. டெங்கிக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்த இடத்தில் எமன் உட்கார்ந்திருந்தான். மருத்துவமனையிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய நாளிலிருந்து மகள் மலர்விழி வாய் திறக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளை. ரெயிலில் ஏறினால் இறங்கும்வரை பேசுகிற பிள்ளை. இப்போது பசித்தால்கூடக் கையைத்தான் காட்டும். டாக்டர்கள் பொறுமை என்றார்கள். சிவநேசன் பொறுத்தான். ஆனால் இரவில் பக்கத்தில் படுத்திருக்கும் அந்த மூடிய வாயைப் பார்க்கும்போதெல்லாம், பெண்டாட்டியைத்தான் பறிகொடுத்தேன், பிள்ளையையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிகொடுக்கிறேனே என்று விழித்துக் கிடந்தான். அந்தப் பிள்ளை ஒருதரம் 'அப்பா' என்று கூப்பிட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று கும்பிட்டான்.

பாலும் செவ்வந்தியும் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். யோசிக்க அவன் விரும்பவில்லை.

அஸ்தி கரைக்க, மோரிப் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு மீனவர் துறையில்தான் படகு ஏறினார்கள். காரியங்களை நடத்திவைக்கும் கலியமூர்த்தி கூட வந்தார். வட்டாரத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அவர்தான் முன்னின்று செய்பவர். எல்லோரையும் அதே இடத்தில்தான் கரைப்பார். கரையோரம் சேறு, படகு வெகுதூரம் வெளியே போனால் தண்ணீர் தெளிந்துவிடும். கலயத்தில் பால் விட்டு, செவ்வந்திப் பூப்போட்டு, சிவநேசன் கையாலேயே இறக்கினான். சாம்பல் ஒரு மேகமாக விரிந்து, அடியில் இறங்கி, காணாமல் போனது.

அப்போதுதான் அவன் கண்ணில் படகு மூலையில் கிடந்த காலி டிரம்கள் பட்டன. அவனுடையவைதான். உஷா மருத்துவமனையில் கிடந்த காலம் முழுக்கத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றவில்லை. பவழங்கள் பழுப்பேறிக் கிடந்தன. ராசாத்தி தீனியைத் தொடவில்லை. கடைகளில் வாங்கும் உப்பைக் கரைத்து ஊற்றுவதைவிட நல்ல கடல்தண்ணீர் கிடைத்தால் தேவலை என்று டிரம்களை வண்டியில் போட்டிருந்தான், படகிலும் ஏற்றியிருந்தான். துக்கத்தில் இருப்பவன் கை சும்மா இருக்காது. எதையாவது பிடித்துக்கொண்டு வேலை செய்யும். கலியமூர்த்தி முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் காரியத்துக்காகப் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பூக்கள் இன்னும் மிதந்துகொண்டிருந்த அதே இடத்தில், சிவநேசன் டிரம்களை முக்கி நிரப்பினான். அஸ்தி கரைத்த இடத்திலிருந்து ஒரு துரும்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதா? அந்த நிமிஷத்தில் அது அவனுக்கு வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது.

தொட்டியில் ஊற்றியதும் ராசாத்தி தீனி தின்ன ஆரம்பித்தது. அவனும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

சாம்பல் கூழ் வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அவன் குளித்துக்கொண்டிருந்தபோது வரவேற்பறையில் பேச்சுக்குரல் கேட்டது. பக்கத்து வீட்டுத் தாயம்மாள்தான் அவன் வரும்வரை மலரைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் போய் வெகுநேரமாகிவிட்டது. குழாயை மூடினான். பம்பின் ரீங்காரம், குமிழியின் களகளப்பு, பக்கத்துச் சூராவிலிருந்து, அந்தச் சின்னப் பள்ளிவாசலிலிருந்து, அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு. அதற்கெல்லாம் அடியில், மெல்லிய, கொஞ்சம் தொண்டை கட்டிய ஒரு குரல்.

"அப்புறம்?" என்றது. சற்று நேரம் கழித்து, "ம்... அப்புறம்?"

துண்டோடு ஓடிவந்தான். மலர் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். மறுபக்கம் ராசாத்தி, அசையாமல், அவள் வாய்க்கு நேராக.

"மலரு! யார்கூடம்மா பேசற?"

திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அம்மாகூடப்பா."

அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள். அந்த ஒரு சொல்லில் அவனுக்கு உலகமே திரும்பி வந்துவிட்டது. தரையில் மண்டியிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அழுது ஓய்ந்ததும், "அம்மா என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டான்.

மலர் காதைக் கண்ணாடியில் வைத்தாள். "கேஸ ஒழுங்கா மூடச் சொன்னாங்க. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாங்க. அப்புறம், நீங்க ரொம்ப எளைச்சுப் போய்ட்டீங்களாம்."

உஷா அப்படித்தான் சொல்லுவாள். அடுப்படிக்குப் போய்ப் பார்த்தான். கேஸ் குமிழ் சரியாக மூடாமல்தான் இருந்தது. உடம்பு சிலிர்த்தது. அது பயச் சிலிர்ப்பு அல்ல. தண்ணீரில்தானே கரைத்தோம், தண்ணீரோடு வந்துவிட்டாள், பிள்ளையை விட்டுப் போக மனசில்லாமல் வந்துவிட்டாள் என்று நினைத்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததையெல்லாம் மீன் வளர்ப்பவன் எவனாவது பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். வாராவாரம் தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது மீன் வளர்ப்பின் முதல் பாடம். அவன் விடவில்லை. எடுத்துக் கொட்டினால் அவளையல்லவா கொட்டுவதாகும்? ஆவியாகிக் குறைந்ததை மட்டும் சொட்டுச் சொட்டாக நிரப்பினான். ஸ்கிம்மர் கோப்பையில் சேர்ந்த சாம்பல் கூழை வீசவும் மனம் வரவில்லை. ஒரு நாள் அதை அப்படியே திரும்பத் தொட்டிக்குள் கவிழ்த்தான். சாம்பல் ஒரு மேகமாக விரிந்தது. ராசாத்தி அதற்குள் நீந்திப் போய் வாயைத் திறந்து திறந்து மூடியது.

பவழங்கள் ஒவ்வொன்றாகச் செத்து எலும்பாயின. மீன் மட்டும் கொழுத்தது. அதன் செந்நிறம் கலங்கி, உடம்பெல்லாம் நீலப் புள்ளி அரும்பி, வால் மஞ்சளானது. வளர்ந்தால் நிறம் மாறுகிற இனம் என்று கடைக்காரரே சொல்லியிருந்தார். பெட்டையாக வளர்வது பிற்பாடு ஆணாகவும் மாறுமாம். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றுதான் அவன் கேள்விப்பட்டிருந்தான். இப்போது அது மணலில் புதைவதும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படியேறும்போது திரும்பிப் பார்த்தால், இருட்டுத் தண்ணீரில் ஒரு கண் மட்டும் தெருவிளக்கில் மினுங்கிக்கொண்டு கண்ணாடியோரம் நின்றது. அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் சிவநேசன் "வரேன் உஷா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான்.

ஒரு சாயங்காலம் அவனுக்கு ஆசை வந்தது. "மலரு, அம்மாகிட்ட ஒண்ணு கேளு. ஆஸ்பத்திரில கடைசியா என் கையைப் புடிச்சிக்கிட்டு என்ன சொன்னாங்கன்னு கேளு."

மலர் கேட்டாள். காத்திருந்தாள். தொட்டிக்குள் குமிழிச் சத்தம் சட்டென்று குறைந்தது, உள்ளே யாரோ கூடிக் கூடிப் பேசிக்கொள்ள இடம் விடுவதுபோல.

"அது மறந்துடுச்சாம்ப்பா," என்றாள் மலர்.

அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். கேஸை மூடு, நேரத்துக்குச் சாப்பிடு, இளைத்துவிட்டாய். எந்த வீட்டிலும் யாரும் யாரிடமும் சொல்லக்கூடிய வார்த்தைகள். உஷா சொன்னதாக அவன் கேட்டதில் ஒரு சொல்லாவது உஷாவுக்கு மட்டுமே சொந்தமான சொல்லா? யோசித்துப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் மாடியில் பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். வாய் திறந்த பிள்ளையை மறுபடியும் ஊமையாக்குவதா? கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான். அந்த விஷயத்தில் அவன் கோழை. அது அவனுக்கும் தெரியும்.

பிள்ளையின் உதட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்த்ததும் அதே வாரத்தில்தான். வெடித்த உதடு, ஓரங்களில் உப்பு. பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் புட்டியை முகர்ந்தான். கடல்.

"இதையா குடிக்கிற?"

"தாகமா இருக்குன்னு சொல்றாங்கப்பா."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்," என்றாள் மலர். சொல்லிவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

தொட்டியின் மூடிக்குக் கயிறு போட்டுக் கட்டினான். முடிச்சுமேல் முடிச்சு போட்டான்.

சனிக்கிழமை மத்தியானம், புகையைக் கழுவிக்கொண்டு ஒரு பெருமழை பிடித்தது. சிவநேசன் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினான். வாசலில் தாயம்மாள் நனைந்துகொண்டு நின்றார். காலில் செருப்பில்லை. உள்ளே கூரைக்கடியில் ஒதுங்கலாம் என்கிற நினைவுகூட அவருக்கு இல்லை. கணவர் நாகையா செத்துச் சில வருஷங்களாகத் தனியாகவே இருக்கும் திடமான பெண்மணி, எதற்கும் அசையாதவர். இப்போது தாடை அடித்துக்கொண்டிருந்தது.

"ஆன்டி! என்ன ஆச்சு? மலர் எங்க?"

"உள்ளதான். நான் உள்ள போமாட்டேன்."

"விழுந்துட்டாளா?"

"அது என்னைக் கூப்புட்டுச்சுப்பா. உம் பொண்ணு வாயிலதான். டாயின்னு கூப்புட்டுச்சு." தாயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்படி என்னை ஒரே ஒரு ஆளுதான் கூப்புடும். வேற யாருக்கும் தெரியாது. எம் புள்ளைங்களுக்கே தெரியாது. 'டாயி, காலு வீக்கம் வத்திச்சா'ன்னு கேட்டுச்சு. இருமல்கூட அதே இருமல்."

"ஆன்டி, சின்னப் புள்ள ஏதோ வெளையாட்டுக்கு..."

"நீ உஷா உஷான்னு சொல்லிட்டு இருக்கியே, அது உஷா இல்லப்பா. எங்க வீட்டுக்காரரு." மழையில் அவர் அழுகிறாரா என்று தெரியவில்லை. "அவர எங்க கரைச்சோம்னு தெரியுமா உனக்கு? கலியமூர்த்திதான் கூட்டிட்டுப் போனாரு. அதே துறை. அதே படகு."

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

சிவநேசன் படியேறினான். பைகளைக் கீழே வைத்தான். கதவைத் திறந்தான்.

வீட்டுக்குள் நீல வெளிச்சம் மட்டும். தரை ஈரம். தொட்டி மூடியில் அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்து, கயிறு அழகாகச் சுருட்டி மேலே வைத்திருந்தது. மலர் நாற்காலியில் ஏறி நின்று, இரண்டு கையையும் முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டிருந்தாள். மீன் அவள் உள்ளங்கையில் படுத்திருந்தது.

"மலரு. இறங்கு."

இறங்கவில்லை.

"அதுக்குள்ள யாரு இருக்காங்க? அப்பாகிட்ட சொல்லு. யாரு?"

பிள்ளையின் வாய் திறந்தது. ஒரு கிழவனின் இருமல் வந்தது. அது முடிவதற்குள் ஒரு பெண்ணின் முனகல். அதன்மேல் ஏறிக்கொண்டு இன்னொரு ஆண்குரல், யாரையோ வேலைக்கு எழுப்புகிற குரல். பிறகு சிரிப்பு. பிறகு மலாய் மொழியில் எதையோ விலை கேட்கும் ஒரு குரல். தங்கமணி எங்கே, தங்கமணி வந்துட்டாளா என்று ஒரு நடுக்கக் குரல். எல்லாம் அந்தச் சின்ன வாயிலிருந்து. உதடு அசையவே இல்லை.

எத்தனை குடும்பம். எத்தனை கலயம். கலியமூர்த்தி எல்லோரையும் அங்கேதானே இறக்கினார். அவன் என்ன நினைத்துக்கொண்டு இருந்துவிட்டான்? அந்தக் கடலில் ஒருத்தி மட்டுமா கரைந்திருக்கிறாள்?

பிள்ளையைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனை எடுத்தான். கலியமூர்த்தி ஏதோ சாவு வீட்டில் இருந்தார். பின்னால் உறுமி மேளம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் மேளத்தை விட்டு விலகித் தள்ளி வந்தார்.

"அங்கேருந்தா தண்ணி எடுத்தீங்க? தம்பி, உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?"

"தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணே. எம் புள்ளைய மட்டும் காப்பாத்திக் குடுங்க."

"ஒரு சொட்டு வைக்காம எல்லாத்தையும் கொண்டுபோங்க. மழையில படகு போகாது. துறையிலேருந்தே ஊத்துங்க. சாயங்காலம் தண்ணி வத்த ஆரம்பிக்கும், வெளிய இழுத்துட்டுப் போய்டும். ஊத்திட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும். யாரு கூப்பிட்டாலும் சரி. யாருன்னா யாருதான், தம்பி. பொண்ண வீட்டுலயே விட்டுட்டுப் போங்க. அங்க கொண்டுபோகாதீங்க."

யாரிடம் விட? தாயம்மாள் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. உள்ளே வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டார்.

குழாயைப் போட்டுத் தொட்டியை வடிக்க ஆரம்பித்தான். தண்ணீர் டிரம்முக்குள் இறங்க இறங்க, மலர் அலறிக்கொண்டு ஓடிவந்து தொட்டியைக் கட்டிக்கொண்டாள். இது அவளுடைய குரல்தான். தொண்டை கட்டிய, சின்ன, பழைய குரல்.

"வேணாம்ப்பா! ஊத்தாதீங்கப்பா! என்னைய ஊத்திடாதீங்கப்பா!"

அவன் கை நின்றது.

"நான் உள்ளதான்ப்பா இருக்கேன். எடம் மாத்திட்டாங்கப்பா. சத்தியமா நான்தான்ப்பா."

உஷாவின் பேரைச் சொல்லி ஏமாற்றியவர்கள். நாகையாவின் இருமலைக் கொண்டுவந்தவர்கள். இப்போது பிள்ளையின் குரலில் கெஞ்சுகிறார்கள். இனியும் ஏமாறுவேனா என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவன் குழாயை இன்னும் தாழ்த்திப் பிடித்தான். தண்ணீர் வடிந்தது. பாதிக்குக் கீழே இறங்கியபோது அலறல் தேய்ந்தது. பிறகு அறவே நின்றது. மலர் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீனைப் பையில் பிடிக்க அவன் திணறியபோது, கையை விட்டு, ஒரே வீச்சில் பிடித்துக் கொடுத்தாள். தானாகவே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியருகே நின்றாள்.

நல்லவேளை, விட்டுப் போய்விட்டார்கள் என்று அவன் நினைத்தான்.

துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மேற்கே ஒரு கீற்று வெளிச்சம் மிச்சமிருந்தது. மீனவர்கள் யாருமில்லை. மரப்பலகை நடைபாலம் நெடுகக் கடலுக்குள் நீண்டிருந்தது. அடியில் தண்ணீர் வற்றும் சத்தம், சேற்றில் நண்டுகள் ஓடும் சலசலப்பு, எங்கோ கரையில் கட்டிய படகு கட்டையில் இடிக்கும் சத்தம். வண்டிக்குள்ளேயே இரு என்று மலரிடம் சொன்னான். அவள் கேட்கவில்லை; அவனுக்குப் பின்னாலேயே வந்தாள். டிரம்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டுபோய்ப் பாலத்தின் முனையில் கவிழ்த்தான். சாம்பல் நிறத்தில் அந்தத் தண்ணீர் கடல்தண்ணீரோடு உடனே கலக்காமல் தனியாக ஒரு திட்டாக மிதந்தது. வற்றும் நீர் அதைப் பிடித்து வெளியே இழுத்தது. கடைசியாகப் பையைக் கிழித்து மீனை விட்டான். அது நீந்தவில்லை. ஒருக்களித்து, மஞ்சள் வாலை ஆட்டாமல், அந்தத் திட்டோடு போனது.

முடிந்தது.

திரும்பினான். மலரின் கையைப் பிடித்துக்கொண்டான். கரையை நோக்கி நடந்தான். பலகைகள் ஈரமாக வழுக்கின.

"அப்பா."

பின்னால்.

அவன் நடந்தான். யாரு கூப்பிட்டாலும் சரி என்று சொல்லியிருக்கிறார். யாரு கூப்பிட்டாலும்.

"அப்பா, என்னைய விட்டுட்டுப் போறீங்களே."

தொண்டை கட்டிய குரல். முதல் வகுப்புப் பிள்ளையின் குரல். தண்ணீர் மட்டத்திலிருந்து வந்தது.

கண்ணை மட்டும் பக்கத்தில் இறக்கிப் பார்த்தான். கையைப் பிடித்திருந்த பிள்ளை நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தது. வாய் மூடியிருந்தது. முகத்தில் அழுத தடம் இல்லை.

"அப்பா, இருட்டா இருக்கு. இங்க நெறைய பேரு இருக்காங்க. அப்பா, பயமா இருக்கு."

அவன் நின்றான்.

வேறு குரல்களும் இப்போது கேட்டன. ஒன்றல்ல, இரண்டல்ல. கடல் முழுக்க. அதட்டாமல், அவசரப்படாமல், அழுகிற பிள்ளையை வீட்டுக்கு வீடு பெரியவர்கள் எப்படித் தேற்றுவார்களோ அப்படி. அழாத கண்ணு. மொதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிப்போய்டும். ஒரு கிழவனின் இருமல், அதற்குப் பின்னால், வா புள்ள, தாத்தா பக்கத்துல வா.

"அப்பா! வேணாம்ப்பா! அப்பா!"

அவன் கழுத்து திரும்ப ஆரம்பித்தது. அவன் கையைப் பிடித்திருந்த சின்னக் கை இறுகியது. எலும்பு நொறுங்கும்படி இறுகியது. வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து முதல்முறையாக அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது. நிதானமாக, மரியாதையாக, வயசானவர்கள் பேசுகிற மாதிரிப் பேசியது.

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல? வாங்க. வீட்டுக்குப் போலாம்."

தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கூப்பிடுகிற குரல் ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்து கூப்பிட்டது.